முகத்துளைக்குக் கீழே

மல்லாந்து படுப்பவர்களுக்கு என் முகம் தெரியும்.
குப்புறப் படுப்பவர்களுக்கு
மசாஜ் கட்டிலின் வட்டத் துளை வழியே
என் கால் மட்டும்தான்.
ஐம்பது நிமிடம்.
வேறு பார்க்க ஒன்றுமில்லை அங்கே,
ஒரு டைல்ஸும் அதன் விரிசலும்.

தண்டையார்பேட்டை கிளினிக்கில் சேர்ந்த வாரம்
இது எனக்குத் தெரியாது.
ரப்பர் செருப்போடு நின்றேன்.
சாய்ந்து அழுத்தும்போதெல்லாம் சப்பக் சப்பக் என்றது,
யாரோ வாயைத் திறந்து மெல்வதுபோல.
தைலம் சொட்டிய இடத்தில் ஒருநாள் வழுக்கியது.
பிடிமானம் தேடிய கை
ரிட்டயர்டு போர்மேன் ஒருவரின் இடுப்பில் போய் விழுந்தது.
அவர் அதையும் சிகிச்சை என்று எடுத்துக்கொண்டு
இந்த ஒண்ணுதாம்மா நல்லா இருந்துச்சு என்றார்.

பிரெடரிக் சார் கூப்பிட்டுச் சொன்னார்:
கறுப்பு. முன்பக்கம் மூடினது.
சத்தம் வரக் கூடாது.
நாற்றம் வரவே கூடாது.
விலை பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

எம்.சி. ரோட்டில் ஏழு கடை.
கான்வாஸ் எண்ணெய் குடிக்கும்.
துளை துளையாய் இருந்த ரப்பர் ஷூ இறகு மாதிரி லேசு,
ஆனால் ஒவ்வொரு துளையிலும் தைலம் குடியேறிவிடும்.
குதிகால் வைத்த ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன்,
சும்மா.

நடந்து பாருங்க என்றார் நியமத்துல்லா பாய்.
நடக்கிற வேலை இல்லை பாய் என்று
ஒரு காலை முன்னால் வைத்து
முழங்காலைத் தளர்த்தி
இடுப்பிலிருந்து வரும் கனத்தை
இரண்டு உள்ளங்கையாலும் அவர் கல்லா மேசையில் இறக்கினேன்.
முன்னே. பின்னே. மறுபடி முன்னே.
சத்தமில்லை. வழுக்கவில்லை.
கடைப்பையன் வாய் பிளந்து நின்றான்.
மேசைக்குச் சுளுக்கா என்றார் பாய்.
சுளுக்கு எடுத்த மேசைமேலேயே
ஆயிரத்து நூற்றைம்பதை எண்ணி வைத்தேன்.
பேரம் பேச மறந்துபோயிற்று.

மாலையில் வாங்க வேண்டுமாம், கால் வீங்கின பிறகு.
நான் காலையில் வாங்கினேன்.
ஒரு மாதம் என் சுண்டுவிரல்
தனியாக ஒரு டியூட்டி பார்த்தது.

தடைக்காலத்தில்தான் காசிமேட்டுக்காரர்களுக்கு
முதுகு என்று ஒன்று இருப்பது ஞாபகம் வரும்.
சகாயமேரி வந்தாள், மீன் ஏலம் கூவும் தொண்டையோடு.
துளைக்குள் முகம் போனதும்
அந்தத் தொண்டை கிணற்றிலிருந்து பேசியது:

இன்னாம்மா, ரைட்டு காலு ஷூ
வெளிப்பக்கமா சாஞ்சு தேஞ்சு கீது?
ஒத்தக் காலுலயே நிக்கிற போல.
இடுப்பு வலிக்குதா இல்லியா?

என் கட்டைவிரல்கள்
அவள் தோள்பட்டைக்குக் கீழே நின்றுவிட்டன.
இரண்டு வருடம், எத்தனை முதுகு,
வலிக்குதா என்று கேட்பது என் வாய்தான்.
தினம் இருபது தடவை.

வலிக்குது என்றேன்.

வலிக்கும். பன்னெண்டு வருசம்
கம்பூட்ஸு போட்டு ஐஸ் தண்ணில நின்னவ நானு.
உள்ள ஒரு அட்டை வாங்கிப் போடு.
கால மாத்தி மாத்தி நில்லு.
இப்ப அந்த எடத்த வுட்றாத, அழுத்து.

அழுத்தினேன்.
இடது காலுக்கு மாறினேன்.
துளைக்குள் ம்ம் என்றது குரல்.
முதுகுக்குச் சொன்னதா, காலுக்குச் சொன்னதா
தெரியவில்லை.

ராத்திரி ஷூவைத் துடைத்து
அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு
பழைய ரப்பர் செருப்பில் கிளம்பினேன்.
சப்பக் சப்பக்.
கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது.
நாற்பது பெட்டிவரை எண்ணினேன் கூட்ஸ் வண்டியை,
அதற்குமேல் விட்டுவிட்டேன்.
வலது. இடது. வலது.
நான் நகரப் போகிறேன் என்று நினைத்து
பின்னால் இருந்த பைக்காரர்
ஒவ்வொரு தடவையும் ஹாரன் அடித்தார்.